ஜமாஅத் வாசலில் நிற்கும் பெண்ணை யார் கேட்பது?

(லோயர் கேம்ப்பில் வியாபாரிகளும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



என்னை அழைத்தவர்கள், வியாபாரத்தைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் பேசுங்கள் என்றார்கள். ஏலக்காய் விலை ஏறுவதும் இறங்குவதும், திராட்சை விலை போகாமல் கொடியிலேயே கிடப்பதும், குமுளி மலைப்பாதையில் லாரி மாட்டிக்கொள்வதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் பேச வந்தது, நீங்கள் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய், வீட்டுக் கதவையும் சாத்திய பிறகு நடக்கும் சங்கதி. முகம் சுளிக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் என் மீதுள்ள குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறர் குற்றத்தைப் பேச வருகிறவன் அப்படித்தான் தொடங்க வேண்டும்.

நான் மதரஸாவில் ஓதி முடித்து, ஸனது வாங்கி, ஒரு சிறிய ஊரில் இமாமாக இருந்த இரண்டாவது வருடம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு பெண் தன் அத்தாவோடு ஜமாஅத்துக்கு மனு கொண்டு வந்தாள். இருபது இருபத்தொரு வயதிருக்கும். கையில் ஒரு வயதுக் குழந்தை. மாப்பிள்ளை அடிக்கிறார், நகையைக் கேட்டு அடிக்கிறார், பிள்ளை தூங்கிய பிறகு அடிக்கிறார் என்பது மனு. நிர்வாகிகள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை உள்ளே நாற்காலியில் இருந்தார். அவருடைய தாய்மாமா நிர்வாகிகளில் ஒருவர். அந்தப் பெண் வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றாள். அவள் சொல்ல வேண்டியதை அவளுடைய அத்தா சொன்னார். அவர் எதைச் சொல்ல முடியும்? மகளின் உடம்பில் எங்கே காயம் என்று ஒரு தகப்பன் பத்து ஆண்கள் நடுவில் எப்படிச் சொல்வான்? தலையைக் குனிந்தார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. "சின்னச் சின்ன சண்டைதான்" என்று முடிவு செய்தோம். சமாதானப் பத்திரம் எழுதினோம். எழுதியது என் கை.

கிளம்பும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஹஸ்ரத், நான் தனியா ஒரு வார்த்தை சொல்லணும்" என்றாள். அந்நியப் பெண்ணிடம் தனியாகப் பேசக்கூடாது என்று நான் படித்திருந்தேன். "உன் அம்மாவிடம் சொல்லம்மா, அவர் என் வீட்டில் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு லுஹர் தொழுகைக்குப் போய்விட்டேன். நாற்பது நாள் கழித்து அவள் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கழுத்தும் இடது கையும் வெந்துபோயிருந்தன. ஸ்டவ் வெடித்தது என்று எழுதியிருந்தார்கள். அவள் உயிர் பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. ஏன் பேச வேண்டும்?

தனியாகப் பேசக்கூடாது என்ற சட்டம் எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணை ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பாதியைப் படித்தவனின் கதி இதுதான்.

சகோதரர்களே! கேட்பது என்பது ஒரு வேலை. மரம் அறுப்பது, ஊசி போடுவது, ஏலக்காயைக் கையில் அள்ளிப் பார்த்துத் தரம் சொல்வது போல, கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையைச் செய்கிறவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். மருத்துவமனைகளில் இருக்கிறார்கள், கலெக்டர் ஆபீசில் இருக்கிறார்கள், உதவி மையங்களில் இருக்கிறார்கள். ஆலோசகர், வழக்குப் பணியாளர், பாதுகாப்பு அலுவலர், சட்ட உதவி வக்கீல், தடயம் எடுக்கும் டாக்டர், பக்கத்தில் நிற்கும் நர்ஸ். பெரும்பாலும் பெண்கள். இவர்களைப் பற்றி நம் ஊரில் என்ன பேச்சு இருக்கிறது? "குடும்பத்தைப் பிரிக்கிறவர்கள்." இதைத்தானே சொல்கிறோம்?

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

மும்பை பாந்த்ராவில் கே.பி.பாபா மருத்துவமனை என்று மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே 2000-ஆம் ஆண்டில், செஹாத் என்ற ஆய்வு அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து 'திலாசா' என்ற மையத்தை அமைத்தார்கள். உர்தூ தெரிந்தவர்களுக்கு இந்த வார்த்தையின் அருமை புரியும். ஆறுதல், தேற்றுதல் என்று பொருள். அடிபட்ட பெண்களுக்காக மருத்துவமனைக்குள்ளேயே அமைந்த மையங்களில் இந்தியாவில் இதுதான் முதலாவது. ஏன் மருத்துவமனைக்குள்? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று எந்தப் பெண் வீட்டில் சொல்லிவிட்டு வர முடியும்? தலைவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லலாம். காயம் என்று வந்தவளிடம் மருந்து எழுதும் டாக்டரோ கட்டுப் போடும் நர்ஸோ, கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "வீட்டில் யாராவது அடிக்கிறார்களா அம்மா?" என்று கேட்கப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஒரு கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் 'பூமிகா' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இதே போன்ற மையங்கள் 2009 முதல் இயங்குகின்றன.

சென்னையில் 2001-இல் தொடங்கிய பி.சி.வி.சி. என்ற அமைப்பு, பிரசன்னா கெட்டு என்ற பெண்மணியின் முயற்சியில் வளர்ந்தது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் அவர்களுடைய பணியாளர்கள் வேலை செய்திருக்கிறார்கள். தீக்காயப் பிரிவுக்குள் ஒருமுறை போனவனுக்கு அந்த வாடை நாள் கணக்கில் மறக்காது. அங்கே கிடக்கும் பெண்ணிடம் வாக்குமூலம் வாங்க வருகிறார்கள். கட்டிலின் தலைமாட்டில் யார் நிற்பது? புருஷன்! கால்மாட்டில் மாமியார்! வீட்டில் பிள்ளைகள் யாரிடம் இருக்கின்றன? அதே மாமியாரின் வீட்டில்! அவள் என்ன சொல்வாள்? ஸ்டவ் வெடித்தது என்பாள். நான் மேலே சொன்ன பெண்ணும் அதைத்தான் சொன்னாள். பயிற்சி பெற்ற ஒரு பெண் அந்தக் கட்டிலருகே தினமும் வந்து உட்கார்ந்து, முதல் நாள் எதையும் கேட்காமல், தண்ணீர் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு, நாலாவது நாளோ பத்தாவது நாளோ உண்மை வெளியே வரும்வரை காத்திருக்கிறாள். அதன் பிறகு மாதக்கணக்கில் தோல் ஒட்டும் சிகிச்சை, கை மடங்காமல் இருக்கப் பயிற்சி, கண்ணாடியில் முகம் பார்க்கும் தைரியம் என்று கூடவே இருக்கிறாள். இது குடும்பத்தைப் பிரிக்கிற வேலையா?

மதீனாவின் வரலாற்றை நமக்குள் எத்தனை பேர் முழுதாகப் படித்திருக்கிறோம்? ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி பள்ளிவாசல் வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார். பள்ளிவாசலுக்குள் தொழில் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இடம் இருந்தது. நம் ஜமாஅத் அலுவலகத்தில் அப்படியொரு பெண்ணுக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவான சட்டம். இதன்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண் சொல்வதை எழுதி, மாஜிஸ்திரேட்டிடம் கொடுப்பது அவர் வேலை. அடிக்காதே என்று உத்தரவு வாங்கலாம். வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது என்று உத்தரவு வாங்கலாம். செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, நஷ்ட ஈடு எல்லாம் கேட்கலாம். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. இதில் எங்கே விவாகரத்து இருக்கிறது? அடியை நிறுத்து என்பதுதான் இந்தச் சட்டத்தின் முதல் வேலை.

இந்தச் சட்டத்தின் விதிகளில் ஆலோசகர்களைப் பற்றி இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அதைப் படித்த அன்று நான் வெட்கப்பட்டேன். ஒன்று, இரு தரப்பில் எவருக்கும் உறவினரோ, அந்தப் பிரச்சினையில் சம்பந்தமுள்ளவரோ ஆலோசகராக உட்காரக்கூடாது. எங்கள் பஞ்சாயத்தில் தாய்மாமாவே நாற்காலியில் இருந்தாரே! இரண்டாவது, அடித்ததற்கு நியாயம் கற்பிக்க ஆணுக்கு அனுமதி இல்லை. அவள் எதிர்த்துப் பேசினாள், சமைக்கவில்லை, போனில் பேசினாள் என்று எதையும் சொல்லி அடியை நியாயப்படுத்தக்கூடாது. இதைப் பேச்சு தொடங்கும் முன்பே அவனிடம் சொல்லிவிட வேண்டும். நம் பஞ்சாயத்து எப்படித் தொடங்குகிறது? "நீ என்னம்மா செஞ்சே, அவரு கை நீட்டுற அளவுக்கு?" என்றுதானே?

புதுக்கோட்டையை மறந்துவிட்டு இந்தப் பேச்சை நான் பேச முடியாது. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். தாவூத் ஷரீஃபா கானம் என்ற சகோதரி புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' என்ற அமைப்பை நடத்தி, பின்னர் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். பெண்களுக்கென்று தனிப் பள்ளிவாசல் கட்டப்போவதாகவும் சொன்னார். தமிழகம் முழுவதும் மேடை போட்டு எதிர்த்தோம். நானும் எதிர்த்துப் பேசியவன்தான். அவர் சொன்ன பலவற்றில் எனக்கு இன்றும் உடன்பாடு கிடையாது. ஆனால் ஒரு கேள்வியை அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை. ராமநாதபுரத்துப் பெண்ணும் திண்டுக்கல் பெண்ணும் தன் ஊர் ஜமாஅத்தைத் தாண்டி, பஸ் ஏறி, புதுக்கோட்டைக்கு ஏன் போக வேண்டும்? சொந்த ஊரில் அவள் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. அங்கே அவளை உட்காரச் சொன்னார்கள். வேறென்ன ரகசியம் இருக்கிறது இதில்?

தீபா தன்ராஜ் என்ற இயக்குநர் அந்தப் பெண்கள் ஜமாஅத்தைப் பற்றி 2011-இல் ஆவணப்படம் எடுத்தார். பார்த்தேன். பெரிய பட்டதாரிகள் யாருமில்லை. நம் வீட்டு அக்கா, பெரியம்மா போல இருக்கிறார்கள். மனுவை வாங்குகிறார்கள், நேரில் போய் விசாரிக்கிறார்கள், போலீஸ் ஸ்டேஷனில் கேள்வி கேட்கிறார்கள். நாம் விட்டுவைத்த வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். விட்டுவைத்தவனுக்குக் கோபப்பட என்ன உரிமை?

நீதிமன்றங்களும் நம்மை நோக்கி விரலை நீட்டிவிட்டன. 2005-இல் உத்தரப்பிரதேசம் முசாஃபர்நகர் மாவட்டத்தில் ஒரு பெண்ணை அவளுடைய மாமனாரே பலாத்காரம் செய்தான். அங்குள்ள பெரியவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள்? அவள் இனிமேல் கணவனுக்கு ஆகமாட்டாள், பிரிந்துவிட வேண்டும் என்றார்கள். குற்றம் செய்தவன் கிழவன், தண்டனை அவளுக்கு! 2006-இல் நீதிமன்றம் அவனுக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. அந்தச் சம்பவத்தையும் எடுத்துக்காட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2014 ஜூலையில் உச்சநீதிமன்றம், ஃபத்வாவுக்கோ தாருல் கழாவின் முடிவுக்கோ சட்டப்படி கட்டுப்படுத்தும் சக்தி கிடையாது, சம்பந்தப்பட்டவர் கேட்காமல் மூன்றாம் ஆள் கேட்டு ஃபத்வா கொடுப்பதும் கூடாது என்று சொன்னது. அது நடந்தது வடக்கில், நமக்கென்ன என்கிறீர்களா? 2024 அக்டோபரில் நம் மதுரைக் கிளையிலேயே ஒரு வழக்கு. திருநெல்வேலிப் பக்கம் கணவன் மனைவி இருவரும் டாக்டர்கள். தலாக் ஆகிவிட்டது என்று ஒரு ஷரீஅத் கவுன்சில் கொடுத்த சான்றிதழைக் கணவர் நீட்டினார். அதைப் பார்த்த நீதிபதி, தீர்ப்புச் சொல்ல அரசு அமைத்த நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டார். குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த மனைவிக்குக் கொடுக்கச் சொன்ன ஐந்து லட்ச ரூபாய் நஷ்ட ஈடு உறுதியானது. சமாதானம் பேசும் வாசல் நமக்கு இன்னும் திறந்திருக்கிறது. தீர்ப்பு எழுதும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பலாத்காரம் என்ற சொல்லைப் பள்ளிவாசலில் உச்சரிக்கவே நமக்குக் கூச்சம். அதைவிடப் பெரிய அநியாயம் அந்தக் கூச்சத்தால் நடக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில், தொழுகைக்குப் புறப்பட்டுப்போன ஒரு பெண்ணை வழியில் ஒருவன் பலாத்காரம் செய்தான். அவள் வந்து முறையிட்டாள். இருட்டில் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவள் மீது குற்றமில்லை என்று அனுப்பிவைத்தார்கள். ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. நம் தெருவில் என்ன நடக்கும்? முதல் காரியமாகத் தாய் அவளைக் குளிக்க வைப்பாள். இரண்டாவது காரியமாகத் துணியை எரிப்பாள். மூன்றாவது, யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்குவாள். அத்தனையும் பாசத்தால் செய்வது. அத்தனையும் குற்றவாளிக்கு உதவி.

ஆகவே இதை மனதில் வையுங்கள். குளிக்கக் கூடாது. உடுத்திய துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் திணிக்காமல், ஈரமிருந்தால் நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தால் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். உடம்பிலிருந்து தடயம் எடுக்க ஏறக்குறைய நான்கு நாள்தான் அவகாசம். எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் இருப்பதற்கான மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை கொடுக்கச் சட்டப்படி கடமை உண்டு. முதலில் போலீஸ் பேப்பர் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால் அது தண்டனைக்குரிய குற்றம். டாக்டர் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவளுடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். இரு விரல் சோதனை என்ற கேவலமான பழக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தடை செய்யச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்பவர் நடத்தை தவறியவர் ஆவார் என்றே சொல்லிவிட்டது. இவ்வளவும் எழுத்தில் இருக்கிறது. ஆனால் பதறிப்போய் நிற்கும் ஒரு தாய்க்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பணியாளர்கள்.

பாதிக்கப்பட்டது பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பேச்சே இல்லை. போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. உஸ்தாதானாலும், வாத்தியாரானாலும், பெரிய புள்ளியானாலும் சரி. அபராதம் போட்டு முடித்துவிட்டோம் என்று எந்த ஜமாஅத்தாவது சொன்னால், அந்த நிர்வாகிகளும் வழக்கில் சேர்வார்கள்.

லோயர் கேம்ப்காரர்களுக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. உங்களுக்குத் தலைக்கு மேல் மலை, மலை மேல் வேறு மாநிலம். விடிவதற்குள் கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இந்த வழியாகத்தான் ஏறுகின்றன. பொண்ணு கொடுப்பதும் எடுப்பதும் குமுளி, வண்டிப்பெரியாறு வரை இருக்கிறது. மேலே ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் கீழே சொல்வார்கள், "அது கேரளா, அங்கே போ." மேலே போனால், "நீ தமிழ்நாடு, அங்கே போ." நடுவில் செக்போஸ்ட்டில் நிற்பாளா அவள்? நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையதில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்ப முடியாது. முதலில் பதிந்துகொண்டு, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173-ஆவது பிரிவிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. குடும்ப வன்முறை வழக்கும் அப்படித்தான். வண்டிப்பெரியாறில் வாழ்க்கைப்பட்ட பெண் அடி தாங்காமல் லோயர் கேம்ப்பில் அத்தா வீட்டுக்கு வந்துவிட்டால், அவள் பீர்மேடு கோர்ட்டுக்கு மலை ஏற வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உத்தமபாளையம் போதும். வரதட்சணைக் கொடுமைப் புகாருக்கும் இதே வழிதான் என்று 2019 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆனால் தூரம் தூரம்தான். ஆஸ்பத்திரியில் எல்லா வசதியும் வேண்டுமென்றால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி எல்லாம் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். கையில் பிள்ளை, உடம்பில் காயம், மடியில் பஸ் காசு இல்லை. இங்கேதான் வியாபாரிகளே உங்கள் வேலை வருகிறது.

2015 ஏப்ரல் முதல் மத்திய அரசின் திட்டமாக 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் வந்திருக்கின்றன. ஐந்து நாள் வரை தங்கலாம். ஆலோசனை, போலீஸ், டாக்டர், வக்கீல் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே கூட்டிப் போவார்கள். ஆறாவது நாள்? விடுதி கிடைத்தால் விடுதி. இல்லையென்றால் பெரும்பாலும் அடித்தவன் வீட்டுக்கே திரும்புகிறாள். ஐந்து நாளில் யாருக்கு வேலை கிடைக்கும், யார் வீடு வாடகைக்குத் தருவார்கள்? தனியாக ஒரு பெண் என்றால் நம்மில் எத்தனை பேர் வீடு கொடுக்கிறோம்? இதை அந்த வழக்குப் பணியாளர் சரி செய்ய முடியாது. அவரே ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவர். ஒரு நாளில் நாலு பெண்களின் கதையைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர். ராத்திரி யாரோ ஒருவன் குடித்துவிட்டு மையத்தின் கேட்டை உதைப்பான். மறுநாள் யாரோ ஒரு பெரிய மனிதர் போன் போட்டு, "எங்க ஆளு பொண்ணு அங்க இருக்கு, அனுப்பி வைங்க" என்பார். அந்தப் பெரிய மனிதர் பல சமயம் நம் ஜமாஅத் ஆள்தான். வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் நமக்குத் தெரியாதா?

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில் இது 29. நாம் அதிகம்! வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். மீதிப் பேர் யாருடைய வீட்டில் இருக்கிறார்கள்? இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று நான் எண்ணப்போவதில்லை.

கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதிர்வீட்டுச் சத்தம் முதலில் உங்கள் காதில்தான் விழுகிறது. "நமக்கு ஏன் வம்பு, நாளைக்குக் கோர்ட்டுக்கு இழுப்பான்" என்று பயப்படுகிறீர்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் நான்காவது பிரிவைப் படித்துப் பாருங்கள். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. ஒரு போன். அவ்வளவுதான் உங்கள் செலவு. உங்களிடம் வேலை பார்க்கும் பெண் வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். ஜகாத்தில் ஒரு பங்கை, இப்படி வெளியேறிவந்த ஏழைப் பெண்ணின் மூன்று மாத வாடகைக்கு என்று ஒதுக்குங்கள். அது உரியவருக்குப் போகும் ஜகாத்தா என்று சந்தேகம் இருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள், கிதாபை எடுத்துக் காட்டுகிறேன்.

இளைஞர்களே! உங்கள் வேகம் எனக்குத் தெரியும். ஏதாவது நடந்துவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து அவனைத் தேடிப் போவீர்கள். அதற்கு முன்பே பெண்ணின் படம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். "நீதி வேண்டும்" என்று தலைப்புப் போட்டாலும் குற்றம்தான். அவனை அடிக்க ஓடுவதில் உங்கள் ஆத்திரம் தீரும், அவளுக்கு ஒன்றும் ஆகாது. வண்டியை எடுங்கள். அவளையும் அவள் அம்மாவையும் ஏற்றுங்கள். கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காத்திருங்கள். உள்ளே வந்து நீங்கள் பேச வேண்டாம். பேசத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நிர்வாகிகளிடம் நான் கேட்பது இது. இந்த ஊரில் ஓதிய பெண்கள் இருக்கிறார்கள், கல்லூரியில் படித்த பெண்கள் இருக்கிறார்கள். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-லிருந்து இந்தப் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கிறது. நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று பெண்களைத் தேர்ந்தெடுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் கேட்டு, அவர்களுக்குப் பயிற்சி வாங்கிக் கொடுங்கள். பெண் கொண்டுவரும் மனுவை அவர்கள்தான் வாங்க வேண்டும், தனி அறையில், அவளை உட்கார வைத்து. அடி, காயம், மிரட்டல் என்ற வார்த்தை மனுவில் இருந்தால் அது பஞ்சாயத்துக்கு வரக்கூடாது, நேரே பாதுகாப்பு அலுவலருக்குப் போக வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும். சமாதானம் பேச வேண்டுமென்று அவளே பிறகு கேட்டால், அப்போது பேசலாம். முடிவை அவள் எடுக்கட்டும். திரும்பிப் போனாலும் திட்டாதீர்கள். பலர் பலமுறை திரும்பிப் போய்த்தான் கடைசியில் வெளியே வருகிறார்கள் என்று அந்த வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் பள்ளிவாசல் சுவரில் மூன்று எண்களை எழுதப் போகிறார்கள். பெண்கள் உதவிக்கு 181. குழந்தைகளுக்கு 1098. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே வக்கீல் கிடைப்பார். ஒரு தம்பி பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எங்கே எழுதலாம் என்று கேட்டேன். ஹவுளுக்குப் பக்கத்தில், எல்லோரும் ஒளு செய்யும்போது பார்க்கும்படி, என்றார். தம்பி, அங்கே ஆண்கள் மட்டும்தானே வருவார்கள்? மதரஸா கேட்டுக்கு வெளிப்புறச் சுவரில் எழுதுங்கள். காலையில் பிள்ளைகளை விட வரும் தாய்மார்கள் அங்கேதான் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். நின்று படித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். நடந்துபோகும்போதே படிக்க வேண்டும்.